தலைக்குட்டையின் மறுமுனை

ஈஸ்டருக்கு மறுநாள் பூசை முடிந்ததும் ஊர் மொத்தமும் தேவாலயத்துக்கு முன்னால் கூடிவிட்டது. அந்த ஆண்டு இறந்தவர்களுக்கு ஒரு வட்ட ஆட்டத்தைத் தானமாகக் கொடுக்கும் நாள் அது. சவீனாவுக்குக் கொடுக்க வேண்டியவன் அவள் கணவன் ரெமுஸ். அவளுடைய நீலத் தலைக்குட்டையின் ஒரு முனை அவன் கையில். மறுமுனை மாமியார் தோம்னிக்காவின் கையில். இடையில் தொங்கும் ஒரு முழத் துணிதான் சவீனாவின் இடம். மூன்று சுற்று அவள் அங்கே ஆடுவாள். பிறகு அவன் தன் முனையை விட்டுவிட வேண்டும். விட்டால் அவள் போய்ச்சேருவாள், துக்கமும் கழியும். விடாதவனையும் அவள் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்பார்கள்.

ரெமுஸ் படித்தவன். அதை நம்பவில்லை. அவனுக்குப் பயம் வேறு. விட்டுவிடுவோமோ என்றுதான் பயம்.

பிடில் வாசிக்கும் இலாரியே என்பவர் வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டே கேட்டார். "என்ன மெட்டுப்பா?"

"மெதுவா ஏதாச்சும் வாசிங்க அண்ணே."

"மெதுவாவா?" என்றாள் தோம்னிக்கா. "உசுரோட இருக்கும்போதே எம்மக மெதுவா ஆடுனதில்ல. செத்தப்புறமா ஆடப்போறா? ஓட்டமா வாசிங்க."

அக்கார்டியனைத் தோளில் மாட்டியிருந்த ஜெலு சிரித்தான். "அவ என்னைய எங்க மூச்சு விட விட்டா? துருத்தி பெட்டிக்குள்ள இருக்கா, ஒன் நெஞ்சுக்குள்ள இருக்கான்னு கேப்பா."

கைகோத்து நின்றவர்களின் சங்கிலி நகர்ந்தது. அக்கார்டியன் தரை போட்டுக் கொடுக்க, பிடில் அதன்மேல் வெறுங்காலோடு ஓடியது. அவள் போன நாளிலிருந்து ரெமுஸ் வீட்டில் ரேடியோகூடப் பாடியதில்லை. தாளம் கேட்டால் நிற்கத் தெரியாத கால் அவனுக்கு. மண்ணைப் பார்த்தபடி அடி வைத்தான். துணியின் பக்கம் திரும்பவில்லை. உள்ளங்கை வியர்த்து முனை வழுக்கியது. விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

மூன்று சுற்றும் முடிந்தது.

"மாப்பிள்ள, விடுங்க."

"இன்னும் ஒரு சுத்து அத்தை."

அவள் முகம் வெளுத்தது. குட்டை விடுபடாமல் வாத்தியம் நிற்கக் கூடாது. அடுத்த சுற்றும் போனது, அதற்கடுத்ததும் போனது. ஓரத்தில் நின்ற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"டேய் ரெமுஸ், விடுறா," என்று ஜெலு கத்தினான். "எனக்குக் கை கழண்டு விழுது. அவளுக்குக் கால் வலிக்காதா?"

அப்போது துணி இழுபட்டது. மாமியார் இழுக்கிறாளா என்று பார்த்தான். கை தளர்ந்துபோய் அவள் அழுதுகொண்டிருந்தாள். காற்றுமில்லை. மறுபடியும் ஓர் இழுப்பு. ஆனாலும் முனையை இறுக்கிக்கொண்டான்.

அந்த மெட்டில் ஓர் இடம் உண்டு. எல்லோரும் கைகளை விட்டுவிட்டுத் தலைக்கு மேலே ஒரு தட்டுத் தட்டுவார்கள். குட்டையைப் பிடித்திருந்த இருவர் மட்டும் இதுவரை தட்டவில்லை. இந்த முறை இலாரியே அந்த இடத்துக்குச் சற்று முன்னால் ஒற்றை ஸ்வரத்தில் நின்றுகொண்டார். களைப்போ, குறும்போ. ஜெலுவும் துருத்தியை அப்படியே பிடித்துக்கொண்டான். வட்டம் முழுவதும் ஒற்றைக்காலில் காத்திருந்தது. ரெமுஸும் வாயைத் திறந்தபடி காத்திருந்தான். ஸ்வரம் விழுந்தது. தட்டு விழுந்தது. அதில் அவன் கைகளும் இருந்தன.

தோம்னிக்காவின் கையிலிருந்து குட்டை நேராகத் தொங்கியது.

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"போயிட்டாளா அத்தை?"

"போயிட்டா."

"நான் விடல. கை தட்டிட்டேன்."

"பாத்தேன்."

இலாரியே அடுத்த மெட்டை எடுத்துவிட்டார். பக்கத்தில் நின்றவர் ரெமுஸின் கையைப் பிடித்தார். ரெமுஸ் அடுத்த அடியை எடுத்து வைத்தான்.