போதகர் சொன்ன சாட்சி

பதினேழாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் புதிதாகக் குடியேறிய அந்தச் சபையில், தேவகிருபை தன்னைத் தொட்ட நாளை எல்லோர் முன்னும் சொன்னவருக்குத்தான் வழிபாட்டில் போதகர் பிட்டுத் தரும் திருவிருந்து அப்பம் கிடைக்கும். அந்தச் சாட்சியைச் சபையார் நம்பினால் கை தூக்குவார்கள்.

நாற்பது சாட்சிகளைக் கேட்டிருந்த போதகர் ஒபதியாவுக்கு அப்படியொரு நாள் வாய்க்கவே இல்லை. இன்று அப்பத்தைப் பிட்க மனம் ஒப்பவில்லை. மேசையை விட்டு நகர்ந்து, சாட்சி சொல்பவர் நிற்கும் இடத்தில் நின்றார்.

“எனக்கு அந்த நாள் இன்னும் வரல. தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க நம்பலைன்னா போயிடறேன்.”

சாட்சி போதாதென்று மூன்று பேரைத் திருப்பியனுப்பிய கறார் மூப்பர் எலிப்பாஸ் எழுந்தார்.

“எனக்கும் வரல ஐயா. பக்கத்து வீட்டுக்காரன் சொன்னதையே நானும் ஒப்பிச்சேன். நீங்க சொன்னதுதான் சாட்சி.”

அவர் கை தூக்கினார். பெஞ்சு பெஞ்சாகக் கைகள் உயர்ந்தன.

ஒபதியா மேசைக்குத் திரும்பி அப்பத்தைப் பிட்டு, முதல் துண்டை எலிப்பாஸிடம் நீட்டினார்.