பாலாம்பிகையின் நடைப்பயணம்

பாலாம்பிகை ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். ஸ்பெயினில், கடல் எட்டாத அரகோன் மலைக்கிராமங்களுக்கு ஊடாக ஒரு கிழமை நடப்பதென்று முடிவெடுத்த நாள்முதல் மொன்றியல் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அவளுடைய தோழிகளுக்கு நிம்மதி போயிற்று. சப்பாத்து வாங்கினார்கள், முழங்கால் நோவை மறைத்துக்கொண்டு பார்க் பார்க்காக நடந்து பழகினார்கள். அந்தக் கிராமங்களில் ஆங்கிலம் செல்லாது, பிரெஞ்சும் செல்லாது. ஸ்பானிஷ் தெரிந்தவள் நகரின் மறுபக்கம் செயின்ட்-மிஷேலில் தனியாக இருக்கும் சிவாஜினி ஒருத்திதான். தையல் தொழிற்சாலையில் சல்வடோர் பெண்களோடு கதைத்துப் பழகியது. கோயிலில் கண்டாலும் காணாததுபோல் போன பாலாம்பிகை, இப்போது "தங்கச்சி, தங்கச்சி" என்று உருகினாள்.

புறப்படுவதற்கு முதல்நாள் யாழ்ப்பாணத்திலிருந்து சிவாஜினியின் தமையன் கீர்த்திகன் பாலாம்பிகையைப் போனில் அழைத்தான். கெட்ட செய்தியை நம்மவர்கள் உரியவருக்கு நேரே சொல்வதில்லையே, பக்கத்தில் ஓர் ஆளைப் பிடித்துத்தான் சொல்லுவார்கள்.

"அக்கா, அம்மாக்குக் கடுமை. நெடுக அவளைத்தான் கேக்கிறா. மெல்லமாச் சொல்லி அனுப்பிவிடுங்கோ."

"ஓம் தம்பி, நான் பாத்துக்கொள்ளுறன்."

சிவாஜினி ஊருக்குப் போய்விட்டால் அரகோனில் ஒரு வாய் தண்ணீர் யார் கேட்பது? கிழவி ஒரு கிழமை தாங்கமாட்டாளா? பின்னேரம் அவன் திரும்பவும் எடுத்தபோது பாலாம்பிகைக்கு வாய் கொஞ்சமும் கூசவில்லை.

"சொன்னனான் தம்பி. நடந்திட்டுத்தான் வருவன் எண்டு நிக்கிறாள். நான் என்ன செய்ய?"

அரகோனில் சிவாஜினி மலர்ந்துபோனாள். வழியில் கண்ட கிழவிகளோடெல்லாம் சிரித்துக் கதைத்தாள், எல்லாருக்கும் சாப்பாடு கேட்டு வாங்கிக் கொடுத்தாள். பொழுதுபட்டால் தமையனுக்கு எடுப்பாள். அவன் எடுக்கவேயில்லை. "மலைக்குள்ளை சிக்னல் இல்லைப் பிள்ளை" என்று பாலாம்பிகை சமாளித்தாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பாலாம்பிகையின் போனுக்குக் கீர்த்திகனின் செய்தி வந்தது: அம்மா மோசம் போயிட்டா. வாசித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சூப் கேட்கும்படி சிவாஜினியிடம் சொன்னாள்.

மொன்றியல் வந்துதான் செத்தவீட்டுச் செய்தியைச் சொன்னாள், கட்டிப்பிடித்து அழுதுகொண்டு. துக்கம் கேட்க வந்த பெண்கள் பாலாம்பிகையைப் புகழ்ந்தார்கள். அந்நிய நாட்டில் சொல்லியிருந்தால் பிள்ளை தாங்கியிருக்குமா? சிவாஜினியே அவளுடைய கையைப் பிடித்து, "நீங்கள் எனக்குக் கூடப்பிறந்த மாதிரி அக்கா" என்றாள்.

அப்போதுதான் கீர்த்திகன் எடுத்தான். சிவாஜினி போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தாள்.

"அண்ணை, அம்மாக்குக் கடுமையெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே!"

"நடிக்காதை. நடந்திட்டுத்தான் வருவன் எண்டனியாம். அம்மா கேட்டுக் கேட்டு நிண்டா, ஒளிக்கேலாமல் அதையே சொல்லிப்போட்டன். அதுக்குப் பிறகு அவ உன்ரை பேரை எடுக்கேல்லை. ஒரு சொட்டுத் தண்ணியும் குடிக்கேல்லை."

சிவாஜினி பாலாம்பிகையின் பக்கம் திரும்பினாள். "அக்கா, நான் அப்பிடிச் சொல்லேல்லை எண்டு சொல்லுங்கோ. அண்ணைக்குச் சொல்லுங்கோ அக்கா."

பாலாம்பிகை போனுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"பாவம் தம்பி, துக்கத்திலை சொன்னதை மறந்திட்டாள். அவளைப் பேசாதையும்."

இருந்த பெண்கள் சிவாஜினியை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழும்பிப் போய் வாசலில் தங்கள் சப்பாத்தைத் தேடினார்கள்.