அரை மீட்டருக்குக் கீழே

தாம்பரம் பக்கம் ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில், கம்ப்யூட்டரைக் கொண்டு வடிவமைக்கக் கற்றுத்தருவது என் வேலை. என் வீட்டு பாத்ரூம் தண்ணீர் ஹாலுக்குள்தான் ஓடும். அதைச் சரிசெய்ய எனக்குத் தெரியாது. ஆனால் ஆயிரம் ஏக்கரில் தண்ணீர் எப்படி ஓடும் என்று வகுப்பெடுப்பேன்.

அன்று மூன்றாவது நாளாக விடாத மழை. மாணவர்கள் அவரவர் ஊர் நிலத்தை மேடுபள்ளத்தோடு கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். நாங்கள் எழுதிய நிரல் அதன்மேல் ஆயிரம் துளிகளை விடும். அவை உருண்டு எங்கே சேர்கின்றன என்று பார்க்க வேண்டும்.

செம்பாக்கம் வினிதாவின் திரையில் துளிகளெல்லாம் ஏரிக்கரையைத் தாண்டி வந்து ஒரே தெருவில் நீலமாகக் குவிந்தன.

"சார், அது எங்க வீடு" என்றாள்.

"மச்சான், இவ வூடு ஸ்விம்மிங் பூலோட கீதுடா!" என்றான் தீனா. வகுப்பே சிரித்தது. முதலில் சிரித்தவன் நான்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பத்து வருடமாக நான் சொல்லித்தரும் முதல் பாடம்: அரை மீட்டருக்குக் குறைவான மேடுபள்ளத்தையெல்லாம் அழித்துவிடு, இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிடும். இதற்குக் 'கிளீன் பண்ணுவது' என்று பெயர்.

"ஏரித்தண்ணி வெளிய போற வாய்க்கால் ஒண்ணு இருக்கும்மா. ஆழம் கம்மி. அதையும் சேத்து கிளீன் பண்ணியிருப்ப. திரும்ப வரை."

"நான் கிளீனே பண்ணல சார். போன வாரம் நானே டேப் புடிச்சு அளந்தது. வாய்க்கால புது அபார்ட்மென்ட்காரங்க மூடிட்டாங்க."

அபார்ட்மென்ட் வாசல் பலகையை அவள் போனில் படமெடுத்து வைத்திருந்தாள். வாய்க்கால் இருந்த இடத்தில் கார் பார்க்கிங். ஆர்க்கிடெக்ட், உமேஷ். என் பழைய மாணவன். தொண்ணூற்றெட்டு மார்க் போட்டிருந்தேன்.

அவனுக்குப் போன் போட்டேன்.

"வாய்க்காலா? என் ஃபைல்ல இல்லையே சார். அரை மீட்டருக்குக் கீழ எல்லாத்தையும் கிளீன் பண்ணிட்டுத்தான் ஆரம்பிப்பேன்" என்றான் பணிவாக. "நீங்க சொல்லிக்குடுத்ததுதான் சார்."

போனை வைத்தேன்.

அதற்குள் வினிதா தன் அம்மா முனியம்மாவைப் போனில் கூப்பிட்டிருந்தாள். காலில் மாவுக்கட்டோடு வீட்டில் தனியாகப் படுத்திருக்கிறவர். ஸ்பீக்கரில் குரல் எரிச்சலாக வந்தது.

"இருவது வருசமா இங்க ஒரு சொட்டு வந்ததில்ல. கம்ப்யூட்டர் சொல்லிச்சுன்னு இந்தக் கால வச்சிகினு எங்கடி போவ சொல்ற?"

போனை வாங்கினேன். "நான் வினிதாவோட வாத்தியார்மா. மேல் வீட்டுக்குப் போயிடுங்க, இப்பவே."

"உங்களுக்கு எப்டி சார் தெரியும்?"

"அந்த வாய்க்கால அழிக்கச் சொல்லிக்குடுத்ததே நான்தாம்மா."

போனில் கட்டில் கிறீச்சிடும் சத்தம். அவர் கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன்.

"இன்னா சார் இது... கட்டிலாண்ட கால வச்சா சில்லுனு கீது."

பிறகு மாடி வீட்டுக்காரியை அழைக்கும் சத்தம். "கீதா! ஏ கீதா!" மூன்றாம் முறை அந்தப் பெயர் பாதியில் நின்றது. போனில் மழை மட்டும் கேட்டது.

வினிதா பையை எடுக்காமலே ஓடினாள். பைக் சாவியோடு தீனா அவளை முந்திக்கொண்டு படியிறங்கினான். நான் பின்னால் ஓடினேன்.