கோட்டுப் பையில் இருந்தவை

ஓய்வு பெற்ற நாளில் குழந்தைகள் டாக்டரின் வெள்ளைக் கோட்டு பதினொன்றரை கிலோ இருந்தது. பைகளில் ஒன்றும் இல்லை. டாக்டரின் மனைவி முப்பது வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், எதையும் சரிபார்க்காமல் நம்பாதவள். கைக்குழந்தைகளை நிறுக்கும் பழைய தராசில் கோட்டை மூன்று தடவை வைத்துப் பார்த்தாள். முள் மூன்று தடவையும் அதே இடத்தில்தான் நின்றது. கோட்டின் சொந்த எடை அரைக் கிலோ. மிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டு, "பிள்ளைங்க குடுத்ததா இருக்கும்" என்றார்.

எல்லாம் அவருடைய பழக்கத்தால் வந்த வினை. குழந்தையை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும் முன் வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொல்வார். குனிந்து, கோட்டின் இடது பையை விரித்துப் பிடித்து, "உன் பயத்தை இதுல போட்டுட்டுப் போ கண்ணா. நான் பத்திரமா வச்சிருக்கேன், அப்புறம் வாங்கிக்கலாம்" என்பார். பிள்ளைகளும் போட்டார்கள். சிலர் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார்கள், ஒரு பெண் துப்பியே போட்டாள். பிறகு சிரித்துக்கொண்டே கண்ணயர்ந்தார்கள். குணமாகி வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் எந்தப் பிள்ளையும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. டாக்டரும் மறந்துபோனார். முப்பத்தாறு வருடத்தில் அவர் வீட்டுத் துணிக்கொடி நான்கு முறை அறுந்தது. அவர் மனைவி கயிற்றுக்கடைக்காரரைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஓய்வுக்குப் பிறகு கோட்டு படுக்கையறைக் கதவில் தொங்கியது. ஊரார் பிள்ளைகளின் வயிற்றையெல்லாம் மயிரிழை பிசகாமல் தைத்தவர், தன் கோட்டுப் பையில் தையல் விட்டிருந்ததைக் கவனிக்கவில்லை. அந்த ஓட்டை வழியாக உள்ளே இருந்தது மெல்லக் கசிந்து அவர்மேல் படிந்தது. முதலில் மிக்ஸி சத்தத்துக்குப் பயந்தார். அடுத்து நாய்க்கு, பலூனுக்கு, முடிவெட்டுபவர் கையிலிருந்த கத்தரிக்கோலுக்கு. மனைவி குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "இருக்கியா?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டார். அந்த நேரம் பார்த்து அவர் இதயத்தில் ஒரு வால்வு பழுதானது. ஒரு மாதத்துக்குள் மாற்றாவிட்டால் ஆள் மிஞ்சமாட்டார் என்றார்கள். டாக்டர் கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றார். "ஊருக்குத்தான் உபதேசமா?" என்று மனைவி சத்தம் போட்டாள். பிறகு சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவர் இல்லாத வீட்டை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் மின்கம்பத்தில் வேலை செய்ய வந்தவன் தண்ணீர் கேட்டு வந்தான். ஹாலில் இருந்த டாக்டரின் படத்தைப் பார்த்ததும் சட்டையைத் தூக்கிக் காட்டினான். தொப்புளுக்குப் பக்கத்தில் மெல்லிய தழும்பு. "சார் போட்ட தையல்ம்மா" என்றான் பெருமையாக. அவள் கோட்டின் கனத்தையும் டாக்டரைப் பிடித்த பயத்தையும் சொன்னாள். கோட்டை எடுத்துவந்து தராசில் வைத்தும் காட்டினாள். அவன் அதன் பைக்குள் கையை விட்டான். விரலுக்குத் தன்னுடையது தெரிந்தது. எடுத்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டான். தராசு முள் ஐந்து கிராம் இறங்கியது. இருபது வருடமாக இடுப்பு வார் மாட்டாமலேயே கம்பம் ஏறியவன், அன்று கீழேயே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனான். மறுநாள் வார் வாங்கினான்.

அவள் பதினோராயிரம் கிராமை ஐந்தால் வகுத்தாள். இரண்டாயிரத்து இருநூறு பேர். சேதி அவர்கள் வாய்வழியாகவே பரவியது. வரிசை மூன்று மாடிப் படிகளில் இறங்கித் தெருமுனை ரொட்டிக்கடை வரை நின்றது. அவள் பள்ளிக்கூடத்தில் போலவே வரிசையை ஒழுங்குபடுத்தினாள். பஸ் ஓட்டும் பெண் நாய்ப் பயத்தை எடுத்துக்கொண்டு, திரும்பும்போது சுற்றுவழியாகப் போனாள். ஒரு வக்கீல் இருட்டைப் பற்றிய பயத்தை வாங்கிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வாங்கினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் ஒருவர்கூட வரிசையை விட்டு விலகவில்லை. "அவரு எங்களுக்காக இவ்ளோ நாள் சுமந்தாரே, போதும்மா" என்றார்கள். எட்டு வருடமாக அம்மாவைப் பார்க்கப் போகாத ஒருவன், அம்மா திரும்பி வரமாட்டாளோ என்ற பயத்தை எடுத்து உள்ளே வைத்த மாத்திரத்தில் போனை எடுத்து, "அம்மா, சாப்டியா?" என்றான்.

இருபத்தாறாம் நாள் வரிசை முடிந்தது. முள் அரைக் கிலோவுக்கு மேல் நாற்பது கிராமில் நின்றது. அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். தெருவில் யாரும் இல்லை.

"இன்னும் எட்டுப் பேர் வரணும்" என்றாள்.

டாக்டர் கட்டிலிலிருந்து தானாகவே எழுந்து வந்திருந்தார். "அவங்க வரமாட்டாங்க" என்றார். "அந்த எட்டும் கண்ணு முழிக்கல."

எட்டு முகமும் அவருக்கு ஞாபகம் இருந்தது. தையல் ஊசியை எடுத்து, பையின் ஓட்டையை உள்பக்கமாகத் தைத்து மூடினார். "இது என்கிட்டயே இருக்கட்டும். இவ்ளோதான்னா தாங்கிக்குவேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மனைவி ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொன்னாள். தன் கைப்பையைத் திறந்து நீட்டினாள்.

"போடுங்க இதுல. உங்கள மாதிரி மறக்கமாட்டேன். கண்ணு முழிச்சதும் திருப்பிக் குடுத்துடுவேன்."

அவர் போட்டார். அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஐந்து மணி நேரமும் கைப்பையை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அவர் கண் திறந்தபோது, சொன்னபடியே எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள். அதுவரை சாந்தமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பதறித் திரும்பி அவள் கையைப் பிடித்தார்.

"எங்க போயிட்ட?"

"எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன்."

வெள்ளைக் கோட்டு இன்றும் அதே கதவில் தொங்குகிறது. மாதம் ஒருமுறை துவைத்துக் காயவைத்துத் தராசில் வைக்கிறார்கள். நாற்பது கிராம் கூடவே காட்டுகிறது. பார்த்துவிட்டு, திரும்ப மாட்டிவிடுகிறார்கள்.