எந்த நிறத்துக்கு மருந்து

கிளினிக் நாள் நெருங்கினால் சீதேவிப்பிள்ளை சோற்றுப் பானையை எட்டியும் பார்க்கமாட்டாள். முந்தின மூன்று நாளும் பாகற்காய்ச் சாறுதான். நீரிழிவுக்காரர் எல்லோருமே அந்த ஊரில் ஆடுகிற கூத்து அது. சிறுநீரை மருந்துத் தண்ணீரோடு காய்ச்சும்போது குழாய் செங்கல் நிறமானால், சர்க்கரை ஏறிவிட்டதென்று கிளினிக் தாதி இமெல்டா மிஸ் பலபேர் முன்னால் ஏசுவாள். நீலமாகவே நின்றால் ‘கெட்டிக்காரி’ என்பாள். அந்த ஒரு சொல்லுக்காக, மாதம் முழுக்கக் காக்காத பத்தியத்தை மூன்றே நாளில் காத்து முடிக்கிற மகா புத்திசாலிகள்!

உண்மையில் அவர்களைக் காப்பாற்றியது கிளினிக்கில் கொடுக்கிற குளிசை மாத்திரைதான். போன வருடம் சண்டையில் வழி அடைபட்டுக் குளிசை வராத மாதங்களில் பக்கத்து வீட்டு நல்லரத்தினத்தின் காலைப் புண் முற்றி வெட்டி எடுத்தார்கள். காண்கிறவர்கள் எல்லாம் மிதிவெடியா என்று கேட்கிறார்கள். அவரும் சலித்துப்போய், ஓம், வயல் வட்டைக்குள் மிதித்தேன் என்று சொல்லிவிடுகிறார். சீதேவிப்பிள்ளையின் குதிகாலிலும் ஒரு புண், இப்போதுதான் ஆறத் தொடங்கியிருந்தது.

அந்த மாதக் கிளினிக் நாளன்று நகரத்திலிருந்து ஹெக்டர் என்ற அதிகாரி ஜீப்பில் வந்திறங்கினார். கிராமத்துக் கிளினிக்குகளில் நீரிழிவுக்கு ஆகிற செலவைக் குறைப்பது அவர் வேலையாம். ஷெல் குண்டுக்குக் கணக்குப் பார்க்காத நாடு, ஏழைகளின் குளிசையில் மிச்சம் பிடிக்க ஆள் அனுப்பியிருந்தது. மிஸ் சர்க்கரைப் பாகில் கிண்டிய தொதலும் தேத்தண்ணியும் வைத்தாள். அவர் தொதலைத் தள்ளிவைத்தார். சீனி போடாத தேத்தண்ணி கேட்டு வாங்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு குளிசையை எடுத்து விழுங்கினார். வாங்குப் பலகையில் இருந்த சீதேவிப்பிள்ளை அதைப் பார்த்தாள்.

பிறகு அன்று காய்ச்சிய குழாய்களைப் பார்த்தார். அத்தனையும் நீலம். எல்லோருக்கும் சுகமாகிவிட்டது, இனிப் பாதிக் குளிசை போதும் என்றார்.

சீதேவிப்பிள்ளைக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று நாள் பட்டினி கிடந்து தன் காலுக்குத் தானே உலை வைத்திருக்கிறாள். பட்டினிக் கதையைச் சொல்லிப் பார்த்தாள். அவர் சிரித்தார். அவர் மருந்தறையைப் பார்வையிடப் போனதும், அவர் தள்ளிவைத்த தொதலை எடுத்து ஒரு துண்டு விடாமல் தின்றாள். ஒரு மணி நேரம் பொறுத்திருந்து, மிஸ்ஸைக் கெஞ்சி இன்னொரு குழாய் காய்ச்சுவித்தாள். செங்கல் நிறம். அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினாள்.

அவர் மூக்கைச் சுளித்தார். “இப்படித் தின்கிற ஆக்களுக்கு எவ்வளவு குடுத்தாலும் வீண்தானே” என்றார்.

“நீலமெண்டா மருந்து தேவையில்ல, சிவப்பெண்டா மருந்து வீண். அப்ப எந்த நிறத்துக்கு ஐயா மருந்து?” என்று கேட்டாள் சீதேவிப்பிள்ளை. “அத உடுங்க. சட்டைப் பையில குளிசை வச்சிரிக்கிற உங்கட குழாய் என்ன நிறம்?”

வாவியைக் கடக்கிற பாதைப் படகு புறப்படப் போகிறது என்று சொல்லி அவர் ஜீப்பில் ஏறினார். அடுத்த மாதம் எல்லோருக்கும் பாதிக் குளிசைதான் வந்தது. அதற்கடுத்த மாதம், எந்த இடத்து மிதிவெடியில் கால் போனது என்று சீதேவிப்பிள்ளையையும் கேட்கத் தொடங்கினார்கள்.