கலியாணம் முடியட்டும்

பிரேமிளா மிஸ் ஆஸ்பத்திரியில் ஆட்களோடு கதைக்கிறவா. மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை, வெறும் கதைதான். வன்னியில் நடந்த கடைசிச் சண்டையில் பதினேழு வயதில் கண்டதையெல்லாம் கிருபன் இத்தனை வருசம் கழித்து அவாவிடம்தான் சொல்லத் தொடங்கியிருந்தான். போய்வந்த இரவுகளில் அலறாமல் தூங்கினான். பக்கத்தில் அவன் மனைவி நிரோஜாவும் சின்ன மகளும் தூங்கினார்கள்.

ஆனால் மிஸ்ஸின் அறைக்கு வெளியே ஆட்கள் காத்திருக்கிற வாங்கு பஸ் தரிப்பிடத்தைப் பார்த்தபடி இருந்தது. அவர்களது ஊரான முள்ளியவளையில் பாதிச் சனம் அங்கேதான் நிற்கும். நிரோஜாவின் தங்கை தேனுகாவுக்கு மாங்குளத்தில் சம்பந்தம் பொருந்தியிருந்த நேரம். மாப்பிள்ளை பகுதி சந்திக் கடையில் விசாரிக்காமல் தாலிக்குப் பொன்னுருக்குமா? தமக்கையின் புருசனுக்கு மண்டை பிழை என்று ஒரு வாய் சொன்னால் போதும்.

"இஞ்சேருங்கோ, கலியாணம் முடியுமட்டும் அங்க போகவேண்டாம்," என்றாள் நிரோஜா.

கிருபன் சோற்றைப் பிசைந்தபடி இருந்தான். "பாதியில விடக்கூடாதெண்டு மிஸ் சொன்னவா."

"கொஞ்ச நாள்தானே. என்ர தங்கச்சிக்காக."

"சரி," என்றான். நல்ல மனிதன், அதுதான் வினை.

ஏன் வரவில்லை என்று கேட்டு மிஸ் போன் எடுத்தபோது, "அவர் இப்ப நல்ல சுகம்," என்று நிரோஜாவே மறுமொழி சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்த கிழமை கிருபன் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் கிடங்கு வெட்டத் தொடங்கினான். தங்கள் வீட்டில் நடக்கப்போகும் கலியாணத்தின் குப்பை போட என்றான். கேட்டவர்களுக்கு நிரோஜாவும் அதையே சொன்னாள். என்ன பொறுப்பான மனுசன் என்று சனம் மெச்சியது. இரவில் அலறல் திரும்பி வந்திருந்தது. அவள் ஜன்னல்களைச் சாத்திவைத்தாள்.

கிடங்கு இடுப்பளவு போனது, பிறகு ஆளளவு போனது. பிறகு ஒரு முனையில் வளைந்தது. குப்பைக் கிடங்கை யார் வளைத்து வெட்டுவார்கள்? செல் குண்டு விழுந்தால் சிதறல் உள்ளே வராதிருக்க பங்கரைத்தான் அப்படி வெட்டுவது. வன்னியில் அது தெரியாத சனம் உண்டா? அயலவர்கள் வேலியால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பனங்குற்றிகள் மேலே அடுக்கப்பட்டபோதும் நிரோஜா அதைக் குப்பைக் கிடங்கு என்றுதான் சொன்னாள்.

கலியாணத்தன்று காலை மாப்பிள்ளையின் கார் வீட்டுக்கு வரும் ஒழுங்கை முகப்பில் வந்து நின்றது. மாப்பிள்ளையின் மாமன் முத்துலிங்கம் சீனவெடிச் சரத்தை நீளமாக றோட்டில் விரித்துக்கொண்டிருந்தார். பந்தலையும் பலகாரத்தையும் யோசித்த நிரோஜா வெடியை யோசிக்கவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"மாமா, வெடி வேண்டாம்."

"ஏன் பிள்ளை?"

மாங்குளத்து முகங்கள் எல்லாம் அவளைப் பார்த்தன. அதற்கு ஒரேயொரு மறுமொழிதான் இருந்தது.

"ஒண்டுமில்லை மாமா. சும்மா சொன்னனான்."

அவர் சிரித்தபடி நெருப்பு வைத்தார்.

வெடிச் சத்தத்துக்குள் அவள் கோடிப்புறம் ஓடினாள். பனங்குற்றிகளுக்குக் கீழே, கிடங்கின் வளைவுக்குள், கிருபன் பட்டு வேட்டியோடு குந்தியிருந்தான். மடியில் மகள். அவன் கை பிள்ளையின் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தது. சின்னக் கால்கள் உதறின.

"சத்தம் போடக்கூடாது அம்மா, சத்தம் போடக்கூடாது," என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஆட்களைக் கூப்பிட நிரோஜா வாயைத் திறந்தாள். முற்றம் முழுக்க மாப்பிள்ளை பகுதி.

வாயை மூடிக்கொண்டு அவள் தனியே கிடங்குக்குள் இறங்கினாள்.