நோலன் வெளியே போயிருக்கிறான்

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால், படிப்பையே முடிக்காத பிள்ளைகளுக்குப் பழைய மாணவர் ஆவது எப்படி என்று கற்றுக்கொடுப்பது என்பேன். சிரிப்பார்கள். எனக்கே முதல் வருஷம் முழுக்கச் சிரிப்பு வந்தது. ஐயோவா மாநிலத்தில் சோளக்காட்டுக்கு நடுவே இருக்கிற எங்கள் சின்னக் கல்லூரி, படித்துவிட்டுப் போனவர்கள் அனுப்புகிற நன்கொடையில்தான் மூச்சு விடுகிறது. அந்தக் கொடுக்கும் பழக்கம் பட்டம் வாங்கிய மறுநாள் வானத்திலிருந்து குதிக்காது, படிக்கும்போதே கையில் ஒட்டவேண்டும் என்று மேலிடத்துக்கு ஞானம் பிறந்தது. லோரீனைக் கூப்பிடு என்றார்கள். லோரீன் நான்தான்.

திட்டத்தில் விருந்து, விழா, நன்றி சொல்லும் நாள் என்று என்னென்னவோ எழுதினேன். எழுதியதில் பாதி காகிதத்தோடு சரி. உயிரோடு இருந்தது தொலைபேசி அறை மட்டும்தான். அக்டோபர் வந்துவிட்டால் இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு பிள்ளைகள் அங்கே வந்து உட்கார்ந்துகொள்வார்கள். திரையில் ஒரு பழைய மாணவரின் பெயர் வரும், கூப்பிட்டுப் பேசவேண்டும். யாராவது நன்கொடைக்குச் சரி என்றால் மாட்டு மணி ஒன்றை அடித்துவிட்டு ஒரு பிடி மிட்டாய் அள்ளிக்கொள்ளலாம்.

அவர்களுக்கு நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்த பாடம் ஒன்றே ஒன்று. காசுப் பேச்சு கடைசியில். முதலில் ஆளைப் பெயர் சொல்லிக் கேள். உன்னை நாங்கள் மறக்கவில்லை என்பது அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதைச் சரியாகச் செய்தால் மீதி தானாக நடக்கும்.

சோல்வேக்கு இதைச் சொல்லித்தரவே தேவைப்படவில்லை. மினசோட்டாவில் பால்பண்ணை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். கல்லைக்கூடப் பேசவைக்கிற வாய். முதல் வருஷம் வந்த புதிதிலேயே அவளுக்கு அமைந்தது நெப்ராஸ்காவில் ஒரு பண்ணை வீட்டு எண். நோலன் ஸ்வோபோடா என்ற பழைய மாணவனுடையது. எடுத்தது அவன் அப்பா வெர்னன். நோலன் வெளியே போயிருக்கிறான், என்ன சொல்லவேண்டும் என்று கேட்டிருக்கிறார். இவள் கல்லூரிக் கதையையெல்லாம் சொல்லி, கடைசியில் நன்கொடையைப் பற்றியும் சொன்னாள். அவன் சார்பில் நானே அனுப்பிவிடுகிறேன் என்றார். அனுப்பியும்விட்டார். எப்போதும் அப்படித்தானாம். இவளுக்கு முன்னால் கூப்பிட்ட பிள்ளைகளிடமும் மகன் ஊருக்குள் போயிருக்கிறான், களஞ்சியத்தில் வேலையாக இருக்கிறான் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அடுத்தடுத்த வருஷங்களில் அந்த எண்ணை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்றவர்களிடம் சுருக்கமாக முடிப்பவள், அந்தக் கிழவரிடம் மட்டும் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசுவாள். ஒருமுறை நான் பக்கத்திலேயே இருந்தேன்.

"எப்பக் கேட்டாலும் வெளிய வெளியன்னா எப்படி சார்? நெஜத்தச் சொல்லுங்க, நோலனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

அவர் சொன்னதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். என்னவென்று நான் சாடையில் கேட்க, அவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தூங்குகிற பயல் என்கிறார் என்றாள். போனிலிருந்து கிழவர் சிரிப்பது எனக்கே கேட்டது.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம். பத்து வருஷம் விடாமல் கொடுத்தவருக்கு ஓக் இலை வடிவத்தில் ஒரு சட்டை ஊசி தருவோம். தபாலில் அனுப்பக்கூடாது, படிக்கிற மாணவர் ஒருவர் தன் கையால் சட்டையில் குத்திவிடவேண்டும். சோல்வே கடைசி வருஷத்துக்கு வந்த செப்டம்பரில் அந்தப் பத்து வருஷக்காரர்களின் வரிசையில் நோலனும் இருந்தான். அதே சமயம் நெப்ராஸ்காவின் ஓமஹா நகரில் பழைய மாணவர்களுக்கு நாங்கள் ஒரு விருந்து வைத்திருந்தோம். வா என்று அவன் வீட்டுக்குச் சொல்லிவிட்டோம். ஊசியைத் தபாலில் போட்டுவிடுங்கள், நோலனுக்கு வேலை இருக்கிறது என்று அப்பா சொல்லிவிட்டார். சோல்வே விடுவாளா? விருந்து முடிந்த மறுநாள் அப்படியே மேற்கே வண்டியை விடுங்கள், நாமே போய் நிற்போம் என்று பிடிவாதம். எனக்கும் அந்தப் பயலைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

வெர்னன் முற்றத்தில் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வந்து எங்களைப் பார்த்தார். சோல்வே தன் பெயரைச் சொல்லவேயில்லை, வணக்கம் சொன்னதுமே குரலைக் கண்டுபிடித்துவிட்டார். மனிதருக்கு முகத்தில் சந்தோஷம் வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வாருங்கள் என்றார்.

சமையலறையில் உட்கார்ந்தோம். காபி போட்டார். பக்கத்துப் பண்ணைக்காரி கொண்டுவந்த கொலாச்சி என்கிற இனிப்பு ரொட்டி இருந்தது, உள்ளே பிளம் வைத்தது, அதைத் தட்டில் எடுத்து வைத்தார். நோலன் எங்கே என்று சோல்வே கேட்டாள். வெளியே போயிருக்கிறான் என்றார்.

"பரவால்ல சார், இன்னிக்கு எங்களுக்கு அவசரமே இல்ல. அவர் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கோம்" என்று ஊசி டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

அவர் எங்கள் கோப்பைகளில் மறுபடி காபி ஊற்றினார். ஜன்னல் வழியே சாலையைப் பார்த்தார். சோல்வே பேசிக்கொண்டே போனாள், நூலகத்துக்குக் கூரை மாற்றியதையும், கால்பந்தில் வழக்கம்போல் மண்ணைக் கவ்வியதையும். என்னால்தான் உட்கார முடியவில்லை. வாசலில் ஒரே ஒரு ஜோடி பூட்ஸ். தொட்டிக்குப் பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த தட்டு ஒன்று, கரண்டி ஒன்று. சுவரில் ஒரே ஒரு படம், எங்கள் பட்டமளிப்பு அங்கியில் ஒரு பையன். அதற்குப் பிறகு அவனை யாரும் படம் எடுக்கவே இல்லை போலிருந்தது. சோல்வேயின் காலை மேஜைக்கடியில் மிதித்தேன். எதற்கு மிதிக்கிறீங்க என்று வாய்விட்டே கேட்டாள். கிளம்பலாம் என்றேன். இப்பதானே வந்தோம் என்றாள்.

வெர்னன் ஜன்னலிலிருந்து திரும்பினார். "அவ உக்காரட்டும். நான் சொல்லிடுறேன்" என்றார்.

படிப்பை முடித்துப் போன முதல் குளிர்காலத்திலேயே நோலன் செத்துவிட்டான். வயோமிங்கில் வேலை கிடைத்திருந்தது, கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிற வழியில் பனியில் வண்டி சறுக்கிப் புரண்டது. இரண்டு மூன்று நண்பர்கள் இறுதிச் சடங்குக்கு வந்தார்களாம். கல்லூரிக்கு வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கவேண்டும். அம்மா முன்பே இல்லை. மகனும் போன அடுத்த அக்டோபரில் இந்த வீட்டில் போன் அடித்திருக்கிறது.

"ஏதோ சின்னப் பையன் குரல். நோலன் இருக்காரான்னு கேட்டான். சாதாரணமா கேட்டான்மா, அவன் உள்ள ரூம்ல இருக்கற மாதிரி. செத்துட்டான்னு சொல்ல எனக்கு வாய் வரல. வெளிய போயிருக்கான்னுட்டேன். சொன்னப்புறம் பாத்தா, நெஜமாவே வெளிய போயிருக்கற மாதிரியே இருந்துச்சு. அன்னிக்கு அவனுக்கும் சேத்துச் சமைச்சேன்."

சோல்வேக்கு முகம் வெளுத்துவிட்டது. மன்னிச்சிடுங்க சார் என்றாள். எதற்கு மன்னிப்பு என்று கேட்டார். இந்த ஊரில் எல்லோரும் நல்லவர்கள்தான், ஆனால் அவன் பெயரை என் எதிரில் எடுக்கமாட்டார்கள், எடுத்தால் எனக்கு வலிக்கும் என்று நினைப்பு என்றார். அவனைத் தேடி வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டது நீங்கள் மட்டும்தான் என்றார்.

"நான் இனிமேலும் கூப்பிடுறேன் சார். நோலன் இருக்காரான்னே கேக்குறேன். நீங்க எப்பவும்போல சொல்லுங்க."

அவர் தலையை ஆட்டினார். "உனக்குத் தெரிஞ்சுபோச்சேம்மா. தெரியாதவங்க கேட்டாத்தான் அது கேக்கறது."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஊசியை யாரும் யார் சட்டையிலும் குத்தவில்லை. அது மேஜைமேலேயே கிடந்தது. மீந்த கொலாச்சியைப் பொட்டலம் கட்டிச் சோல்வேயின் கையில் கொடுத்தார். மாநில எல்லை தாண்டும்வரை அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டேனே, லோரீன், சிரிச்சுக்கிட்டே கேட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பெயர் சொல்லிக் கேள் என்று பழக்கியவள் நான். ஒருத்தி அதை மனதாரச் செய்தாள், அதற்கு இதுதான் பலன் என்றால் யாரைத் திட்டுவது? ஸ்டியரிங்கைத்தான் குத்தினேன்.

இறந்தவர் என்று தெரிந்தால் உடனே குறித்துவிடவேண்டும் என்பது அலுவலக விதி. குறித்த நொடியே அந்த எண் பிள்ளைகளின் திரைக்கு வராது. பட்டியல் சுத்தமாக இருக்கவேண்டும் என்று மேலாளர் ட்வைட் வாரா வாரம் உபதேசம் செய்வார், ஏதோ குளியலறைத் தரையைச் சொல்வதுபோல. ஊர் திரும்பியதும் சோல்வே என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். குறிக்காதீர்கள் என்றாள். இந்த வருஷம் புதுப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு எதுவும் தெரியாது, யாராவது ஒருவரிடம் அந்த எண்ணைக் கொடுத்துவிடுங்கள், நான் வாயைத் திறக்கமாட்டேன் என்றாள்.

"அவருக்கு வேற என்ன இருக்கு, லோரீன்? வருஷத்துக்கு ஒரு போன். அதையும் நான்தான் போய்க் கெடுத்துட்டு வந்திருக்கேன்."

நான் குறிக்கவில்லை. ட்வைட்டுக்குத் தெரிந்தால் தாம் தூம் என்று குதிப்பார். குதிக்கட்டும்.

அக்டோபரில் டெலேனியைத் தேர்ந்தெடுத்தோம். முதல் வருஷப் பெண், எதற்கெடுத்தாலும் சிரிப்பு, மிட்டாய் டப்பாவைக் காலி செய்வதில் கெட்டிக்காரி. திரையில் நோலனின் பெயர் வந்தது. சோல்வே அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். போகாதே என்று நான் கண்ணால் காட்டியதை அவள் பார்க்கவில்லை. நாற்காலி முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"ஹலோ, நோலன் இருக்காரா?" என்றாள் டெலேனி. அவ்வளவு நன்றாகக் கேட்டாள். அவன் உள்ளறையில் இருப்பதுபோல.

பிறகு எங்களுக்குக் கேட்டது இவள் பேச்சு மட்டும்தான். ஓ, அப்படியா சார், பரவால்ல என்றாள். சோல்வே என் பக்கம் திரும்பினாள். அந்தப் பெண் முகத்தில் வந்த நிம்மதியை நான் உள்ளவரை மறக்கமாட்டேன். டெலேனி தன் பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். நூலகக் கூரை நன்றாக இருக்கிறது, ஒழுகவில்லை என்றாள். அப்புறம், "ஆமா சார், தெரியுமே. இங்கதான் இருக்காங்க, என் பின்னாடியே நிக்கிறாங்க. குடுக்கட்டுமா?" என்றாள்.

நாற்காலியிலிருந்து சோல்வேயின் கை நழுவியது. டெலேனி காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள். லைன் இருக்கா சார் என்று ஒருமுறை கேட்டாள். கடைசியில், சரி சார், அப்படியே சொல்லிடுறேன் சார் என்று வைத்தாள்.

"நல்ல மனுஷன். மொதல்ல வெளிய போயிருக்கான்னுதான் சொன்னாரு. அப்புறம் சோல்வேன்னு ஒரு பொண்ணு இருக்கான்னு கேட்டாரு. பின்னாடிதான் நிக்கிறாங்கன்னேன். அதுக்கப்புறம் பேச்சே இல்ல" என்று ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு பின்னால் திரும்பினாள். "உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு. உங்களுக்கு ரொம்ப நல்ல மனசாம். நோலன் இனிமே வீட்டுக்கு வரமாட்டானாம், கூப்பிட வேணாமாம்."

டெலேனி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னாச்சு, அப்பாகிட்ட சண்ட போட்டுட்டுப் போயிட்டாரா?"

"இல்ல. அவருக்கு அப்பான்னா ரொம்பப் பிடிக்கும்" என்றாள் சோல்வே.

டெலேனியை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் செய்கிறேன் என்றேன், கேட்கவில்லை. நோலன் ஸ்வோபோடா என்ற பெயருக்கு எதிரே, இறந்தவர் என்ற கட்டத்தைத் தானே தொட்டாள். எந்தத் தேதியில் என்று திரை கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். அவர் வீட்டு மேஜையில் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தும், அதை நாங்கள் அவரிடம் கேட்கவே இல்லை.